லோவல் ஆலைப் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவைப் பற்றிப் படிப்பவர்கள் லோவல் என்ற பெயரைத் தாண்டாமல் போக முடியாது. பண்ணை வீட்டு இளம்பெண்கள் வேலைக்குப் போன பருத்தி ஆலைகளின் பெயர் அது. சிலர் அதைப் பெண் விடுதலையின் தொடக்கம் என்கிறார்கள், சிலர் கூலி அடிமைத்தனத்தின் தொடக்கம் என்கிறார்கள். இரு தரப்பையும் படித்துவிட்டுக் குழம்பியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே அவர்கள் கேட்கும் விதத்திலேயே உள்ளன.

லோவல் என்பது ஊரா, கம்பெனியா, ஆளா?

முதலில் ஆள். ஃபிரான்சிஸ் கேபட் லோவல் பாஸ்டன் நகர வணிகர். 1810 முதல் 1812 வரை பிரிட்டனில் தங்கி அங்குள்ள விசைத்தறிகளைப் பார்த்தார். இயந்திரத்தையோ வரைபடத்தையோ நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அன்று பிரிட்டனில் தடை இருந்ததால் பார்த்ததை மனதில் பதித்துக்கொண்டு திரும்பினார். பால் மூடி என்ற கைதேர்ந்த மெக்கானிக்கின் துணையோடு பாஸ்டனுக்கு அருகே வால்தம் என்ற ஊரில் 1814-இல் ஆலையை ஓடவிட்டார். 1817-இல் இறந்துபோனார்.

ஊர் அதற்குப் பிறகுதான் வந்தது. வால்தமில் ஆற்று நீரின் விசை போதவில்லை. அவருடைய தொழில் கூட்டாளிகள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெரிமாக் ஆற்றின் பாடக்கெட் அருவிப் பக்கம் நிலத்தை வாங்கினார்கள். 1823-இல் அங்கே முதல் ஆலை ஓடியது. 1826-இல் தனி ஊராட்சியானபோது இறந்தவரின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். பத்தே ஆண்டில், 1836-இல், அது நகரமாகிவிட்டது. ஆக, அந்த ஊரை லோவல் கண்ணால் பார்த்ததே இல்லை. "லோவல் கம்பெனி" என்று ஒரே கம்பெனி இருந்ததாக நினைப்பதும் தவறு. மெரிமாக், ஹாமில்டன், ஆப்பிள்டன், பூட் எனப் பல கம்பெனிகள் இருந்தன. பங்குதாரர்கள் பெரும்பாலும் அதே பாஸ்டன் குடும்பங்கள் என்பதால் கூலியைக் குறைப்பது என்றால் எல்லாரும் சேர்ந்தே குறைத்தார்கள்.

இங்கிலாந்தில் ஏற்கெனவே மில் இருந்ததே, அமெரிக்காவிலும் ஸ்லேட்டர் மில் இருந்ததே, இதில் என்ன புதுசு?

சாமுவேல் ஸ்லேட்டர் 1790-இல் ரோட் ஐலண்டில் தொடங்கியது நூற்பாலை. நூலை மட்டும் அங்கே நூற்று, நெசவை வெளியே கைத்தறிக்காரர்களிடம் கொடுத்துவிடுவார்கள். வேலைக்கு அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாக எடுப்பார்கள். வால்தமில் பஞ்சுப் பொதி ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் துணியாக வெளியே வந்தது. சீவுதல், நூற்றல், பாவோட்டுதல், நெசவு எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒரே நீர்ச்சக்கரத்தில் நடந்தன.

பணமும் வேறு மாதிரி வந்தது. குடும்பத் தொழிலாக இல்லாமல் பங்கு மூலதனம் திரட்டிய நிறுவனமாகத் தொடங்கினார்கள். முதலாளி பாஸ்டனில் இருப்பார், ஆலையை ஒரு சம்பள ஏஜென்ட் நடத்துவார். பிற்கால அமெரிக்கத் தொழில் நிறுவனங்களின் அமைப்புக்கு இது முன்னோடி.

ஆண்களை விட்டுவிட்டு, கல்யாணம் ஆகாத பெண்களை ஏன் தேடிப் பிடித்தார்கள்?

ஆண்கள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கூலி அதிகம். நிலம் மலிவாகக் கிடைத்த நாட்டில் உடல் வலுவுள்ள இளைஞன் மேற்கே போய்ச் சொந்தப் பண்ணை வைக்கத்தான் பார்ப்பான். நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மேய்ன் பக்கத்துப் பண்ணை வீடுகளில் மகள்கள் அதுவரை வீட்டுக்கு வேண்டிய நூலை நூற்று, துணி நெய்துவந்தார்கள். ஆலைத் துணி மலிவாக வந்ததும் அந்த வேலை போனது. அவர்கள் வேலையைப் பறித்த ஆலையே அவர்களை வேலைக்கும் அழைத்தது.

பெற்றோர் அனுப்ப வேண்டுமே. அதற்காகத்தான் கம்பெனி விடுதி கட்டியது. பெரும்பாலும் ஒரு விதவை அதை நடத்துவார். சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேயே. ஓர் அறையில் பலர், ஒரு கட்டிலில் இருவர். இரவு 10 மணிக்குக் கதவு சாத்தப்படும். ஞாயிறன்று தேவாலயம் போக வேண்டும். ஒழுக்கம் தவறினால் வேலை போகும். ஒரு வருடமாவது வேலை செய்து இரண்டு வாரம் முன்னறிவிப்புக் கொடுத்துப் போனால் நற்சான்றுச் சீட்டு கிடைக்கும். அது இல்லாமல் போனவர் பெயர் மற்ற கம்பெனிகளுக்கும் போய்விடும், அந்த ஊரில் வேறெங்கும் வேலை கிடைக்காது. பாதுகாப்பும் பூட்டும் ஒரே விதிப் புத்தகத்தில் இருந்தன. எதை மட்டும் எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதை வைத்தே பல கட்டுரையாளர்களின் பக்கம் தெரிந்துவிடும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? 14 மணி என்கிறார்கள், 12 என்கிறார்கள், எது சரி?

மாதத்தைப் பொறுத்தது. ஆண்டுச் சராசரி நாளுக்குப் 12 மணிக்குச் சற்று மேல், வாரத்துக்கு 73 மணியளவு. டிசம்பர், ஜனவரியில் பதினொன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு, ஏப்ரலில் பதிமூன்றரை. வாரத்தில் 6 நாள். கோடையில் காலை 5 மணிக்கே தறி ஓடத் தொடங்கும். காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் தலா அரை மணி முதல் முக்கால் மணி. அதற்குள் மாடிப்படி இறங்கி, விடுதிக்கு நடந்து, சாப்பிட்டு, மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும். உணவு இடைவேளையையும் சேர்த்து எண்ணுபவர்கள்தான் 14 என்று எழுதுகிறார்கள்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை விளக்கு வெளிச்சத்திலும் வேலை நடந்தது. எலைசா ஹெமிங்வே என்ற தொழிலாளி 1845-இல் சட்டமன்றக் குழுவிடம் சொன்ன கணக்கு இது: அவர் வேலை செய்த ஒரே கூடத்தில் 293 சிறிய விளக்குகளும் 61 பெரிய விளக்குகளும் எரிந்தன. சுமார் 150 பேர் அங்கே வேலை செய்தார்கள். எண்ணெய்ப் புகை, பஞ்சுத் தூசி, மூடிய ஜன்னல்.

ஜன்னலைத் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

காற்று உலர்ந்தால் பருத்தி நூல் விறைத்து அறும். ஈரம் இருந்தால்தான் இழை வளைந்து கொடுக்கும். அதனால் ஜன்னலைச் சட்டத்தோடு ஆணி அடித்து மூடினார்கள், நெசவுக் கூடத்தில் நீராவியும் விட்டார்கள். இழை அறுவது குறைந்தது. பெண்களுக்கு இருமலும் காசநோயும் கூடின. ஆலையின் மற்றப் பல கொடுமைகளைப் போல இது கஞ்சத்தனத்தால் மட்டும் வந்ததல்ல, நூலின் இயல்பும் காரணம்.

உள்ளே என்னதான் வேலை? பட்டனைத் தட்டினால் ஓடும் இயந்திரம்தானே?

இல்லை. ஆலை ஐந்தாறு மாடிக் கட்டடம். பொதியைப் பிரித்துப் பஞ்சைத் தட்டிச் சுத்தம் செய்வதும் கார்டிங் இயந்திரத்தில் சீவுவதும் கீழ்த்தளத்தில். மேலே நூற்பு, அதற்கு மேலே நெசவு. பாவுக்கு (துணியின் நீள இழைகளுக்கு) பசை போடுவதும் அந்த இழைகளைத் தறியின் விழுதிலும் அச்சிலும் கோப்பதும் கை நிதானம் வேண்டிய வேலைகள், கூலியும் அதிகம். அங்கே அனுபவசாலிப் பெண்களைத்தான் வைப்பார்கள். கார்டிங் கூடத்தின் கனமான வேலைகளும் மேஸ்திரிப் பதவிகளும் ஆண்களுக்கு. நூல் சுற்றி நிறைந்த பாபின் உருளைகளைக் கழற்றி வெறும் பாபின் போடுவது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் வேலை. மணிக்குக் கால் மணி நேரம்தான் கை ஓடும், மீதி நேரம் காத்திருப்பு. ஆனாலும் மற்றவர்களோடு நாள் முழுதும் உள்ளேயே இருக்க வேண்டும். கூலி வாரத்துக்கு 2 டாலர்.

தறிக்காரியின் வேலையைப் பாருங்கள். தறி நிமிடத்துக்கு நூறு ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) மேல் போடும். ஊடையை இங்குமங்கும் கொண்டுபோகும் நாடாவுக்குள் இருக்கும் தார் (நூல் சுற்றிய குழல்) சில நிமிடத்தில் தீரும். தறியை நிறுத்தி, புதுத் தாரைப் போட்டு, நாடாவின் கண்ணில் வாயை வைத்து உறிஞ்சி இழையை வெளியே இழுத்து, மறுபடி ஓடவிட வேண்டும். ஒரே நாடா பல வாய்களுக்குப் போகும், நோயும் கூடவே போகும். மாசசூசெட்ஸ் இதைத் தடை செய்தது 1911-இல்தான். பாவு இழை அறுந்தால் தானாக நிற்கும் ஏற்பாடு அன்றைய தறிகளில் கிடையாது. கண்ணில் படாமல் போனால் துணியில் நீளக் கோடு விழும், துணிக் கூடத்தில் பிடித்துக் கூலியில் கழிப்பார்கள். தொடக்கத்தில் ஒருவருக்கு இரண்டு தறி. 1840-களில் மூன்று, நான்கு என்று ஏற்றினார்கள், தறியின் வேகத்தையும் கூட்டினார்கள், அதே சமயம் பீஸ் கூலியை (நெய்த துணிக்கு ஏற்ற கூலியை) குறைத்தார்கள். தன் கூடத்தில் உற்பத்தி கூடினால் மேஸ்திரிக்குத் தனியே ஊக்கத்தொகை உண்டு.

நீராவி எஞ்சின் காலத்தில் தண்ணீரிலேயா இத்தனை ஆலையும் ஓடியது?

ஆமாம். நியூ இங்கிலாந்தில் (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில்) நிலக்கரி இல்லை, ஆறு உண்டு. பாடக்கெட் அருவியில் ஆறு சுமார் 32 அடி இறங்குகிறது. மரம் கொண்டுபோக 1796-இல் வெட்டியிருந்த கால்வாயை அகலப்படுத்தி, கிளைகள் வெட்டி, ஊர் முழுக்க நீரை ஓடவிட்டார்கள். ஆற்றுரிமை முழுவதும் ஒரே கால்வாய்க் கம்பெனியின் கையில். அது மற்ற ஆலைகளுக்கு நீரை அளந்து குத்தகைக்கு விட்டது. அளவின் பெயர் "மில் பவர்": 30 அடி இறக்கத்தில் நொடிக்கு 25 கன அடி நீர். 3,584 நூற்புக் கதிர்களும் அவற்றுக்கு வேண்டிய தறிகளும் ஓட இது போதும் என்பது கணக்கு.

கோளாறு இரண்டு பக்கமும் வரும். கோடையில் ஆற்றில் நீர் வற்றும். வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வந்தால் ஆலைக்குக் கீழே ஆறு உயர்ந்து, வெளியேற வேண்டிய நீர் சக்கரத்தின் அடியிலேயே தேங்கி, சக்கரம் சுழலாமல் நிற்கும். நீர் மிகுந்ததால் ஆலை நிற்பது கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் ஆண்டுதோறும் நடந்தது. நீருக்குள் மூழ்கியும் சுழலும் டர்பைன்களுக்கு 1840-களில் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் சோதித்து மேம்படுத்திய வகைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது, அணை மின்நிலையங்களில் இன்றும் சுழல்கிறது. அவர் 1850-இல் கால்வாயில் ஒரு பெரிய மரக் கதவைத் தொங்கவிட்டபோது ஊரார் சிரித்தார்கள். இரண்டே ஆண்டில் வெள்ளம் வந்தது, கதவை இறக்கி ஊரைக் காப்பாற்றினார்கள். 1936 வெள்ளத்திலும் அதே கதவை இறக்கினார்கள்.

சம்பளம் கையில் எவ்வளவு வந்தது? அது நல்ல சம்பளமா?

1830-களில் விடுதிக்கு வாரம் சுமார் 1.25 டாலர் பிடித்துக்கொண்டு, பழகிய கைக்கு 2 டாலருக்கு அப்படி இப்படி மிஞ்சும். தறிக்காரிக்குப் பீஸ் கணக்கு, நூற்புக்காரிக்கு நாள் கணக்கு. ஆண்களின் கூலியோடு ஒப்பிட்டால் பாதியளவு. வீட்டு வேலை, தையல், கிராமப் பள்ளி ஆசிரியை வேலை என்று அன்று பெண்களுக்குத் திறந்திருந்த மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் அதிகம். அந்தக் கூலி மொத்தமாக, ரொக்கமாக, அவள் பெயரிலேயே வந்தது. சேமிப்பு வங்கியில் அவள் கணக்கு வைத்தாள்.

மணமான பெண்ணுக்கு அப்படியில்லை. சட்டப்படி மனைவியின் கூலி கணவனுடையது. கணவனைவிட்டு ஓடிவந்த சிலர் பெயரை மாற்றிக்கொண்டு ஆலையில் சேர்ந்ததே அவன் வந்து கூலியைப் பிடுங்கக் கூடாது என்றுதான். மாசசூசெட்ஸில் 1855-இல் வந்த சட்டம்தான் மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கே சொந்தமாக்கியது.

இவ்வளவு கட்டுப்பாட்டில் வேலைநிறுத்தம் எப்படிச் செய்தார்கள்?

அதே விடுதியால். ஒரே மேசையில் சாப்பிட்டு ஒரே அறையில் தூங்குபவர்களிடையே பேச்சு பரவ எவ்வளவு நேரம் ஆகும்? 1834 பிப்ரவரியில் கூலிக் குறைப்பு அறிவித்ததும் சுமார் 800 பெண்கள் வெளியேறி ஊர்வலம் போனார்கள், வங்கியில் போட்ட பணத்தையும் எடுத்தார்கள். தங்கள் அறிக்கையில் பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கப் புரட்சிப் போரில் நின்ற முன்னோரின் பெயரைச் சொல்லி, சுதந்திரக் குடிமக்களின் மகள்கள் நாங்கள் என்றார்கள். சில நாளில் போராட்டம் முடிந்தது, கூலிக் குறைப்பு அப்படியே நிலைத்தது. தோல்விதான்.

1836 அக்டோபரில் கதை மாறியது. விலைவாசி ஏறி விடுதி நடத்துபவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கம்பெனி கூலியைத் தொடாமல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியது, கைக்கு வருவது குறைந்தது. 1,500-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். ஆர்டர் நிறைந்திருந்த நேரம் என்பதால் ஆலைகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, சில கம்பெனிகள் உயர்வைத் திரும்பப் பெற்றன. ஹாரியட் ஹான்சன் என்ற 11 வயதுச் சிறுமி, பெரியவர்கள் தயங்கி நின்றபோது, நான் போகிறேன் என்று முதலில் நடந்தாள். கூடம் முழுதும் பின்னால் வந்தது. அவள் தாய் விடுதி நடத்திய விதவை. மகளை அடக்கவில்லை என்று அவர் வேலையைப் பறித்தார்கள்.

ஓட்டே இல்லாத பெண்கள் சட்டமன்றத்தை என்ன செய்திருக்க முடியும்?

மனுப் போட முடியும். 1840-களின் கோரிக்கை 10 மணி நேர வேலைநாள். சாரா பாக்லி என்ற தறிக்காரி முன்னின்று லோவல் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு மனு போனது. 1845-இல் சட்டமன்றக் குழு சாட்சியம் கேட்டது (விளக்குக் கணக்கு வந்தது அங்கேதான்). வேலைநேரம் முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்க்க வேண்டியது, சட்டத்தின் வேலையல்ல என்று குழு கைகழுவியது. குழுத் தலைவர் வில்லியம் ஷூலர் லோவலின் பிரதிநிதி, பத்திரிகை உரிமையாளர். அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்கச் சொல்லிப் பெண்கள் ஊரெல்லாம் பேசினார்கள். அவர் தோற்றார். ஓட்டுப் போட்ட ஆண்களுக்குச் சங்கம் நன்றித் தீர்மானம் போட்டது.

1846-இல் ஓர் ஆலையில் நான்காவது தறியைக் கொடுத்துப் பீஸ் கூலியைக் குறைக்கப் பார்த்தபோது தறிக்காரிகள் மறுத்துக் கையெழுத்திட்டார்கள், சொல் தவறுபவர் பெயரைப் பத்திரிகையில் போடுவோம் என்றார்கள். யாரும் தவறவில்லை, கம்பெனி பின்வாங்கியது. அதே ஆண்டு பாக்லி லோவல் தந்தி நிலையத்தில் தந்தி இயக்குபவராகச் சேர்ந்தார்.

இந்தியத் துணியை அமெரிக்காவிலிருந்து விரட்டியதில் லோவலுக்குப் பங்கு உண்டாமே, உண்மையா?

உண்மை. வங்கத்திலிருந்தும் சென்னைப் பட்டினத்திலிருந்தும் முரட்டுப் பருத்தித் துணியை சேலம் (நம் சேலம் அல்ல, மாசசூசெட்ஸ் துறைமுகம்), பாஸ்டன் வணிகர்கள் கப்பல் கப்பலாக இறக்கிவந்தார்கள். வால்தம் தறியில் வந்ததும் அதே ரகம்தான். 1816 சுங்கச் சட்டத்துக்காக ஃபிரான்சிஸ் லோவல் நேரே வாஷிங்டன் போய்ப் பேசினார். வரி விகிதம் 25 சதவீதம்தான், பார்வைக்குக் கடுமையாக இல்லை. கண்ணி வேறிடத்தில்: எந்தப் பருத்தித் துணியின் விலையும் சதுர கஜத்துக்குக் குறைந்தது 25 சென்ட் என்று வைத்துத்தான் வரி போட வேண்டும். 9 சென்ட் அடக்கமுள்ள துணிக்கும் 6¼ சென்ட் வரி. உயர்ந்த ரக ஆங்கிலத் துணி தாங்கிக்கொண்டது, மலிவான இந்தியத் துணி சந்தையைவிட்டே போனது.

பஞ்சு எங்கிருந்து வந்தது? வடக்கு அடிமைமுறைக்கு எதிரான பகுதிதானே?

தெற்கிலிருந்து, அடிமைகள் பறித்த பஞ்சு. திரும்பிப் போனதும் உண்டு: அடிமைகளுக்குக் கொடுக்க வாங்கிய முரட்டுத் துணியில் ஒரு பகுதி லோவலில் நெய்தது, தெற்கே அதற்கு லோவல் துணி என்றே பேர். பங்குதாரர்கள் தென்மாநிலத் தோட்டக்காரர்களோடு உரசல் வேண்டாம் என்றிருந்தார்கள். கசையின் பிரபுக்களும் தறியின் பிரபுக்களும் கைகோத்திருக்கிறார்கள் என்று 1848-இல் மாசசூசெட்ஸ் அரசியல்வாதி சார்லஸ் சம்னர் சாடியது இதைத்தான். அதே ஊரில் பெண்களின் அடிமை ஒழிப்புச் சங்கமும் இருந்தது. தங்களைக் "கூலி அடிமைகள்" என்று ஆலைப் பெண்கள் பாடியதும் எழுதியதும் உண்டு, ஆனால் மேலே சொன்ன நற்சான்றுச் சீட்டு எவ்வளவு மோசமானாலும் அதோடு ஊருக்குத் திரும்ப முடியும். பஞ்சு பறித்தவருக்கு அது முடியாது.

வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்நாட்டுப் போர் வந்ததும், போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று எண்ணி, லோவலின் பல ஆலைகள் ஏறிய விலைக்குக் கையிருப்புப் பஞ்சை விற்றுவிட்டுத் தறியை நிறுத்தின. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள்.

பண்ணைப் பெண்கள் ஏன் வருவதை நிறுத்தினார்கள்?

வேலை கூடி, கூலி இறங்கியது. ஆசிரியை வேலை பெருகியது. அயர்லாந்துப் பஞ்சத்துக்குப் பிறகு வந்து இறங்கியவர்களை ஆலைகள் எடுத்தன. ஹாமில்டன் கம்பெனியில் 1836-இல் வெளிநாட்டில் பிறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை, 1860-இல் 60-க்கும் மேல். போருக்குப் பின் கனடாவின் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள்.

இங்கேதான் பலர் தவறாகக் கணக்கிடுகிறார்கள்: அயர்லாந்துப் பெண்கள் போராடத் தெரியாதவர்கள் என்று. 1834-இல் ஊர்வலம் போனவளுக்குத் தோற்றால் திரும்ப அப்பாவின் பண்ணை இருந்தது. அயர்லாந்துக்காரிக்கு அந்த வாரக் கூலிதான் குடும்பத்தின் சாப்பாடு. விடுதியும் படிப்படியாக ஒழிந்து, குடும்பங்கள் தனி வாடகை வீடுகளுக்குப் போயின.

10 மணிச் சட்டம் கடைசியில் எப்போது வந்தது?

பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் 1847-இலேயே வந்தது, ஆனால் தொழிலாளி தனி ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தால் கூடுதல் நேரம் வாங்கலாம் என்று ஒரு விலக்கோடு. கம்பெனிகள் உடனே தாளை நீட்டின. கையெழுத்திட மறுத்தவர்களுக்கு வேலை இல்லை. மாசசூசெட்ஸ் ஆலைகள் 1853-இல் தாங்களாகவே வேலைநாளை 11 மணி நேரமாக இறக்கின.

மாசசூசெட்ஸ் சட்டம் 1874-இல்: பெண்களுக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் வாரம் 60 மணி. அதிலும் முதலாளி "வேண்டுமென்றே" மீறினால்தான் அபராதம் என்று ஒரு சொல் இருந்தது. வேண்டுமென்று செய்ததாக நிரூபிப்பது யாரால் முடியும்? 1879-இல் அந்தச் சொல்லை நீக்கினார்கள், அதற்குப் பிறகுதான் வழக்குப் போட முடிந்தது.